இருக்கை

கடைக்குள் நுழைந்து அரைமணி நேரம் ஆகியிருந்தது. நான் பத்துப் பன்னிரண்டு நாற்காலிகளில் உட்கார்ந்து பார்த்து எழுந்துவிட்டேன். அம்மா ஒன்றில்கூட உட்காரவில்லை. கைப்பையை வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, நான் உட்காரும் ஒவ்வொரு நாற்காலிக்கும் பக்கத்தில் வந்து நின்றாள்.

“உனக்குத்தானேம்மா வாங்க வந்திருக்கோம். நீ உட்கார்ந்து பாத்தாத்தானே தெரியும்?”

“நீ இருந்து பாருட்டி. ஒனக்குத் தோதா இருந்தா எனக்கும் தோதாத்தான் இருக்கும்.”

என் உயரம் 5 அடி 6 அங்குலம். அப்பாவைக் கொண்டு பிறந்தவள். அம்மா 5 அடிக்கு ஓர் அங்குலம் குறைவு. எனக்குத் தோதான நாற்காலி அவளுக்குத் தோதாக இருக்காது என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை. நான் தேடிக்கொண்டிருந்தது வேறொன்று. வீட்டுக்கு வருகிறவர்கள் பார்த்ததும் “எங்க வாங்கினே?” என்று கேட்க வேண்டும், அப்படி ஒரு நாற்காலி.

எங்கள் வீடு சைதாப்பேட்டையில், இரண்டாவது மாடியில். லிஃப்ட் கிடையாது. ஹால் பத்துக்குப் பன்னிரண்டு. அதில் ஒரு கட்டில், ஒரு டிவி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய நான்கு பிளாஸ்டிக் சேர்கள், ஜன்னலோரம் அப்பாவின் ஒயர் நாற்காலி. இரும்புக் கம்பிச் சட்டத்தில் பச்சையும் வெள்ளையுமாக ஒயர் பின்னிய நாற்காலி. அப்பா கிண்டி தொழிற்பேட்டையில் லேத் வேலை பார்த்தார். ஷிஃப்ட் முடிந்து வந்ததும் அதில் உட்கார்ந்து காலைத் தூக்கி ஜன்னல் கட்டையில் வைத்துக்கொள்வார். அதில் வேறு யாரும் உட்காரக் கூடாது என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இருந்ததில்லை. 2014-ல் அவர் போன பிறகு அந்த நாற்காலியில் காய்ந்த துணிகள் உட்கார்ந்தன. என் லேப்டாப் பை உட்கார்ந்தது. அம்மா உட்காரவில்லை.

அம்மா எங்கேதான் உட்காருவாள்? காய் நறுக்கும்போது தரையில். சாப்பிடும்போது தரையில். மற்ற நேரமெல்லாம் அடுப்படி நிலையில் ஒரு தோளைச் சாய்த்து நிற்பாள். சீரியல் பார்ப்பது, எங்களோடு பேசுவது, போனில் ஊர் விஷயம் கேட்பது, எல்லாம் அந்த நிலையில் சாய்ந்தபடிதான். அவள் தோள் படுகிற இடத்தில் பெயின்ட் கறுத்திருக்கும். அதைப் பார்த்து நான் வளர்ந்தேன். அதில் ஏதாவது இருக்கிறது என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

போன வருடம் அவள் காலில் நரம்புகள் புடைத்து, கணுக்காலுக்கு மேல் தோல் கறுக்கத் தொடங்கியபோதுதான் அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப் போனேன். டாக்டர் சின்ன வயதுப் பெண். “என்ன வேலை பாத்தீங்கம்மா?” என்று கேட்டார். “துணிக்கடைல சேல்ஸ். 22 வருசம்.” டாக்டர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் தலையாட்டினார். இந்தப் பதிலை அவர் முன்பும் கேட்டிருக்க வேண்டும். அதிக நேரம் நிற்கக் கூடாது, மூட்டுத் தேய்மானம் இருப்பதால் தரையில் சம்மணம் போடக் கூடாது, உட்காரும்போது காலைத் தூக்கி வைத்துக்கொள்ள வேண்டும் என்றார். நிற்கவும் கூடாது, தரையிலும் கூடாது. மீதி இருந்தது நாற்காலி.

*

அம்மாவின் ஊர் திருநெல்வேலிக்குத் தெற்கே, நாங்குநேரிப் பக்கம். கல்யாணமாகி மெட்ராஸ் வந்தவள். எனக்கு இரண்டு வயதானபோது, 1998-ல், தி.நகரில் ஒரு ஜவுளிக்கடையில் சேர்ந்தாள். சைதாப்பேட்டையிலிருந்து மாம்பலத்துக்கு ரயிலில் ஒரே ஸ்டேஷன்தான். அந்த ஒரு ஸ்டேஷனுக்கும் நின்றுகொண்டுதான் போவாள். “எறங்குததுக்கு எதுக்கு ஏறி இருக்கணும்?” என்பாள்.

காலை ஒன்பதரைக்குக் கடை. ராத்திரி ஒன்பதரைக்கு ஷட்டர். தீபாவளிக்கு முந்தைய மாதம் அதற்கும் கணக்கில்லை. சாப்பாட்டுக்கு அரைமணி. மீதி நேரம் நிற்க வேண்டும். அலமாரியில் சாயக் கூடாது, சாய்ந்தால் சூப்பர்வைசர் ஃபைன் எழுதுவார். அந்த மாடியில் ஒரு ஸ்டூல் இருந்தது. அது மேல்தட்டில் இருக்கிற சேலையை ஏறி எடுப்பதற்கு.

கால் வலிக்காதா என்று ஒருமுறை கேட்டேன். அம்மா சிரித்தாள். “வலிச்சா சேலையக் கீழ தள்ளி விடுவோம்.”

“எதுக்கு?”

“எடுக்கணும்லா? குத்த வச்சு இருந்து, தூசியத் தட்டி, கொசுவம் பாத்து மடிச்சு எடுத்தா ரெண்டு நிமிசம் ஆவும். சூப்பர்வைசருக்கும் தெரியும். அவனும் ஒரு காலத்துல நின்னவன்தான். கண்டுக்கிட மாட்டான்.”

காலில் இருக்கிற ரத்தம் மேலே இதயத்துக்கு ஏறிப் போக வேண்டும். அதைத் தள்ளிவிடுவது கெண்டைக்கால் தசை. நடக்கும்போது அந்தத் தசை சுருங்கி விரிந்து ஒரு பம்ப் மாதிரி வேலை செய்கிறது. அசையாமல் நின்றால் பம்ப் ஓடாது. ரத்தம் கீழேயே தேங்கும். தேங்கிய ரத்தத்தின் பாரத்தில் நரம்புக்குள் இருக்கும் சின்னச் சின்ன வால்வுகள் தளர்ந்துபோகும். ஒருமுறை தளர்ந்தால் தானாகப் பழைய நிலைக்கு வராது. இதையெல்லாம் நான் டாக்டரிடம் போய் வந்த ராத்திரி படித்துத் தெரிந்துகொண்டேன். அம்மாவும் அவளோடு வேலை பார்த்தவர்களும் படிக்காமலே ஒரு வைத்தியம் கண்டுபிடித்து வைத்திருந்தார்கள்: சேலையைக் கீழே தள்ளிவிடுவது.

‘அங்காடித் தெரு’ படத்தை டிவியில் போட்டபோது நாங்கள் மூன்று பேரும் பார்த்தோம். அப்பா அப்போது இருந்தார். பாதியில் அம்மா எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். அப்புறம் படம் எப்படி இருந்தது என்று கேட்டதற்கு, “அதுலயாவது பாட்டு இருக்கு” என்றாள்.

2020 மார்ச்சில் ஊரடங்கு. கடை திறந்தபோது பாதிப் பேரைத்தான் திரும்பக் கூப்பிட்டார்கள். அம்மாவைக் கூப்பிடவில்லை.

*

எனக்கு அப்போது சம்பளம் உயர்ந்திருந்தது. டாக்டர் சொன்னதை அம்மாவைவிட நான்தான் உற்சாகமாக எடுத்துக்கொண்டேன். பல மாதங்களாக இன்ஸ்டாகிராமில் வீட்டு உள்ளலங்காரப் பக்கங்களைப் பார்த்து சேமித்து வைத்திருந்தேன். ஒரு ஓரத்தில் ஒரு நாற்காலி, பக்கத்தில் ஒரு செடி, மேலே மஞ்சள் விளக்கு. அந்தப் படங்களில் யாரும் உட்கார்ந்திருக்க மாட்டார்கள்.

என் முதல் ஆசை சண்டிகர் நாற்காலி. 1950-களில் சண்டிகர் நகரம் உருவானபோது அங்கே இருந்து வேலை செய்த ஸ்விட்சர்லாந்துக்காரர் பியர் ஜானரே அலுவலகங்களுக்கும் கல்லூரிகளுக்குமாக வடிவமைத்தவை. தேக்குச் சட்டம், பிரம்புப் பின்னல், கவராயத்தை விரித்து வைத்ததுபோலக் கால்கள். பல பத்தாண்டுகள் குமாஸ்தாக்கள் உட்கார்ந்து தேய்ந்து, மொட்டை மாடிகளில் குவிந்து கிடந்து, பழைய சாமான் விலைக்கு ஏலம் போனவை. பிறகு வெளிநாட்டு ஏலக்கூடங்களில் ஒவ்வொன்றும் லட்சக்கணக்கில் விற்றன. இப்போது அதன் நகல்கள் எல்லா இடத்திலும் கிடைக்கின்றன. பார்க்க அவ்வளவு அழகு.

இரண்டாவது, இருபுறமும் காது வைத்த உயரமான நாற்காலி. இங்கிலீஷ் படங்களில் கிழவர்கள் கணப்பு அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்திருப்பார்களே, அது. அந்தக் காதுகள் எதற்கு என்று தேடிப் பார்த்தபோது சிரிப்பு வந்தது. பின்னாலிருந்து வரும் குளிர்காற்றை மறைத்து, முன்னால் எரியும் நெருப்பின் சூட்டைப் பிடித்து வைப்பதற்காம். சைதாப்பேட்டையில் மே மாதம் அப்படி ஒரு நாற்காலியில் உட்கார்ந்தால் இட்லிக் கொப்பரைக்குள் உட்கார்ந்த மாதிரி இருக்கும்.

மூன்றாவது ரெக்லைனர். பக்கத்தில் இருக்கும் லீவரை இழுத்தால் முதுகு சாயும், கால் மேலே வரும். டாக்டர் சொன்னதற்கு அதுதான் சரி. ஆனால் சாய்வதற்குப் பின்னால் இடம் வேண்டும், எங்கள் ஹாலில் அந்த இடத்தில் கட்டில் இருக்கிறது. தவிர, கடைக்காரர் அதை ஒருமுறை இழுத்துக் காட்டியபோது அம்மா இரண்டடி பின்னால் போய்விட்டாள். “பல் ஆஸ்பத்திரி சேர் மாதிரில்லா இருக்கு.”

அப்படித்தான் அந்தக் கடையில் பன்னிரண்டாவது நாற்காலிக்கு வந்து சேர்ந்தோம். சாம்பல் நிறம், ஒல்லியான மரக் கால்கள், அகலமான இருக்கை. 21,999 ரூபாய். எனக்கு அதுதான் என்று தோன்றிவிட்டது. தவணை விவரம் கேட்க கேஷ் கவுண்டருக்குப் போனேன்.

எங்களுக்கு நாற்காலிகளைக் காட்டிய பெண்ணுக்கு இருபது, இருபத்திரண்டு வயது இருக்கும். அவளும் அம்மாவும் மட்டும் அங்கே நின்றார்கள். கவுண்டரிலிருந்து எனக்கு அவர்கள் பேசுவது கேட்டது.

“காலைல எத்தன மணிக்கு வந்த?”

“பத்து மணிக்கு மேடம்.”

“ஸ்டூல் கீல் தந்திருக்காவளா?”

“இருக்கு மேடம். பில்லிங் பின்னாடி.” அந்தப் பெண் குரலைத் தாழ்த்தினாள். “ஆனா கஸ்டமர் இருக்கப்போ உட்காரக் கூடாது.” கண்ணை மட்டும் கூரைப் பக்கம் உயர்த்திக் காட்டினாள். அங்கே ஒரு கேமரா.

அம்மாவும் கேமராவைப் பார்த்தாள். பிறகு, அரைமணி நேரமாக நான் கெஞ்சியும் செய்யாததைச் செய்தாள். அந்தச் சாம்பல் நிற நாற்காலியில் உட்கார்ந்தாள்.

“எனக்கு இது எப்பிடின்னு ஒண்ணும் பிடிபடல. நீ அந்த சேர்ல இருந்து காட்டு. எப்பிடிச் சாயணும், கைய எங்ஙன வைக்கணும்னு காட்டு. கஸ்டமர் கேட்டா காட்டணும்லா?”

அந்தப் பெண் ஒரு நிமிடம் விழித்தாள். பிறகு சிரித்துவிட்டு எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள். முதலில் நுனியில். “நல்லா பொறத்தால தள்ளி இரி” என்றாள் அம்மா. அவள் தள்ளி உட்கார்ந்தாள். இரண்டு பேரும் ஏழெட்டு நிமிடம் பேசிக்கொண்டிருந்தார்கள். சொந்த ஊர் எது, ஹாஸ்டல் சாப்பாடு எப்படி என்று அம்மா விசாரிப்பதும், நடுநடுவே கேமராவுக்காக அந்தப் பெண் கைப்பிடியைத் தட்டிக் காட்டுவதும் எனக்குத் தெரிந்தது.

நான் தவணைத் தாளோடு திரும்பி வந்தபோதுதான் அம்மாவின் கால்களைப் பார்த்தேன். முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருந்ததால் அவை தரையில் படவில்லை. ஒன்றாம் வகுப்புப் பிள்ளை பெரிய பெஞ்சில் உட்கார்ந்ததுபோல, செருப்பு நுனி தரைக்கு மேலே ஆடிக்கொண்டிருந்தது. நாற்காலியின் விளிம்பு முழங்காலுக்குக் கீழே கெண்டைக்காலை அழுத்திக்கொண்டிருந்தது, புடைத்த நரம்புகள் இருக்கும் அதே இடத்தில்.

தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, “யோசிச்சுட்டு வரோம்” என்றேன்.

*

அம்மா அந்தப் பெண்ணிடம் சொன்ன “இரி” என்ற சொல் வீட்டுக்கு வரும்வரை என்னோடு வந்தது. அவளுடைய ஊரில் வீட்டுக்கு வந்தவர்களை “இரிங்க” என்றுதான் சொல்வார்கள். உட்காருங்கள் என்று அர்த்தம். மெட்ராஸில் “இரு” என்றால் காத்திரு. புதிதாகக் கடையில் சேர்ந்தபோது மேனேஜர் “இரும்மா, வரேன்” என்று சொல்லிவிட்டுப் போக, அம்மா அவர் மேஜைக்கு முன்னால் இருந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். திரும்பி வந்தவர் முகம் மாறியதை வைத்துத்தான் இந்த ஊரில் அந்தச் சொல்லுக்கு வேறு அர்த்தம் என்று தெரிந்துகொண்டாள். 22 வருடத்தில் அந்தக் கடையில் அவள் நாற்காலியில் உட்கார்ந்தது அந்த ஒரு தடவைதான்.

தமிழில் இருப்பதற்கும் உட்காருவதற்கும் ஒரே வேர். இருக்கை என்ற சொல் அதிலிருந்துதான் வருகிறது. மலையாளத்திலும் அப்படியே, இரிக்குக என்றால் உட்காருவது. கோழிக்கோட்டு மிட்டாய்த் தெருவின் கடைகளில் வேலை பார்த்த பெண்கள் ‘பெண்கூட்டு’ என்று ஓர் அமைப்பாகத் திரண்டார்கள். அதை முன்னெடுத்தவர் விஜி என்கிற தையல் தொழிலாளி. முதலில் கழிப்பறைக்காகக் குரல் கொடுத்தார்கள், பிறகு உட்காருவதற்காக. 2018-ல் கேரள அரசு கடைகள் சட்டத்தைத் திருத்தி, நின்று வேலை பார்ப்பவர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்றது. உட்காரும் உரிமையை மலையாளத்தில் ‘இரிக்கானுள்ள அவகாசம்’ என்பார்கள். அங்கே அவகாசம் என்றால் உரிமை. நம் காதில் அது ‘இருப்பதற்குக் கொஞ்சம் நேரம்’ என்று விழுகிறது. இரண்டு அர்த்தமும் அம்மாவுக்குப் பொருந்தும்.

தமிழ்நாட்டில் 2021 செப்டம்பரில் அதே மாதிரித் திருத்தம் சட்டமன்றத்துக்கு வந்தது. வேலைக்கு நடுவே உட்கார வாய்ப்புக் கிடைக்கும்போது பணியாளர்கள் உட்காருவதற்கு ஏற்ற இருக்கை வசதியை ஒவ்வொரு கடையும் செய்து தர வேண்டும். அந்தச் செய்தி டிவியில் ஓடியபோது அம்மா அடுப்படி நிலையில் சாய்ந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் வேலை போய் ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. “நல்ல காரியம். அந்தப் பிள்ளைக இரிக்கட்டும்” என்றாள். எனக்கும் அன்றைக்கு, “நீயும் உட்காரும்மா” என்று சொல்லத் தோன்றவில்லை.

நம் ஊரில் நாற்காலி வெறும் மரச்சாமானாக இருந்ததில்லை. பதவியையே நாற்காலி என்கிறோம். 2020 அக்டோபரில் கடலூர் மாவட்டத்து ஊராட்சி ஒன்றின் தலைவி, தலித் பெண், கூட்டத்தில் தரையில் உட்கார்ந்திருக்க மற்றவர்கள் நாற்காலியில் இருக்கும் படம் வெளியானது. தேர்தலில் ஜெயித்து வந்த நாற்காலியே அவருக்குக் கிடைக்கவில்லை. யார் நிற்க வேண்டும், யார் தரையில் இருக்க வேண்டும், யாருக்குக் கைப்பிடி வைத்த நாற்காலி என்பதையெல்லாம் யாரும் எழுதி வைப்பதில்லை. என் அப்பாவும் சொன்னதில்லை. சொல்லாமலே எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

*

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. இன்ச் டேப்பை எடுத்துக்கொண்டு அம்மாவைக் கட்டிலில் உட்கார வைத்து அளந்தேன். கூச்சப்பட்டாள். “நான் எத்தன பேருக்கு அளந்திருப்பேன். என்னைய ஜாக்கெட்டுக்குத் தவிர யாரும் அளந்தது கெடையாது.” 22 வருடம் தினமும் 80 சென்டிமீட்டர், 80 சென்டிமீட்டராக ரவிக்கைத் துணி அளந்து கிழித்தவள்.

தரையிலிருந்து முழங்கால் மடிப்பு வரை 15 அங்குலம். பின்புறத்திலிருந்து முழங்கால் மடிப்பு வரை 17½. கடையில் பார்த்த நாற்காலிகளின் உயரம் 18, ஆழம் 22. அதாவது அந்த நாற்காலியில் அம்மா முதுகைச் சாய்த்தால் கால் தொங்கும். காலை ஊன்றினால் முதுகுக்குப் பின்னால் காற்று. சண்டிகர் நாற்காலியும், காது வைத்த நாற்காலியும், சாம்பல் நாற்காலியும் யாரோ உயரமான ஒருவரை மனதில் வைத்துச் செய்தவை. அந்த ஒருவர் ஏறக்குறைய என் அப்பா.

எங்கள் தெருமுனையில் பட்டறை வைத்திருக்கிற கார்ப்பெண்டர் அண்ணனிடம் எண்களைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கூடவே சண்டிகர் நாற்காலியின் படத்தையும். அவர் படத்தை ஓரமாக வைத்துவிட்டு, “அம்மாவக் கூட்டிட்டு வாங்க” என்றார்.

பட்டறையில் செங்கல்லை அடுக்கி அதன்மேல் ஒரு பலகையைப் போட்டார். அம்மாவை உட்காரச் சொன்னார். பிறகு எழுந்திருக்கச் சொன்னார். உட்கார்ந்தபோது பாதம் முழுவதும் தரையில் பட்டது. எழுந்திருக்கும்போது அம்மா முழங்காலைப் பிடித்துக்கொண்டு முகம் சுளித்தாள். அவர் பலகையின்மேல் ஒரு பேப்பர் கட்டை வைத்து மறுபடி உட்காரச் சொன்னார். அடுத்தது இன்னொரு கட்டு.

“தாழ்வா இருந்தா உக்கார சொகம், எழுந்திருக்கக் கஷ்டம். ஒசரமா இருந்தா எழுந்திருக்க ஈசி, கால் தொங்கும். மூட்டு வலி இருக்கறவங்களுக்கு ரெண்டுக்கும் நடுவுல புடிக்கணும்” என்றார். கடைசியில் 16 அங்குலம் என்று முடிவானது. மெத்தை ஓர் அங்குலம் அமுங்கினால் 15-க்கு வந்துவிடும். ஆழம் 15½. உட்கார்ந்த பிறகு நாற்காலி விளிம்புக்கும் முழங்கால் மடிப்புக்கும் நடுவே மூன்று விரல் நுழைய வேண்டும், அப்போதுதான் ரத்தம் தடைபடாது. கைப்பிடி, இருக்கையிலிருந்து 8 அங்குல உயரத்தில். அது பாதியில் நிற்காமல் முன் விளிம்பு வரைக்கும் வர வேண்டும், ஏனென்றால் கைப்பிடியில் கை வைப்பதைவிட அதை ஊன்றி எழுவதுதான் முக்கியம். முதுகு கொஞ்சம் பின்னால் சாய்ந்திருக்க வேண்டும், தூக்கம் வருகிற அளவுக்குச் சாயக் கூடாது. காலை வைக்கத் தனியாக ஒரு முக்காலி.

மரம் என்ன போடுவது என்று கேட்டேன். பட்டறைக்குப் பின்னால் அழைத்துப் போனார். இடித்த வீடுகளிலிருந்து வாங்கி வந்த மரங்கள் சுவரில் சாத்தியிருந்தன. “பழைய நிலை. தேக்கு. எந்த வீட்டுதோ தெரியல. நல்லா காஞ்ச மரம், இனிமே கோணாது. புது மரத்தவிட இதுதான் நல்லது.” அம்மா அருகில் போய் அந்த நிலையை மேலும் கீழுமாகத் தடவிப் பார்த்தாள். ஒரு இடத்தில் கை நின்றது. பிறகு, “சரி, இதையே போடுங்க” என்றாள்.

குஷன் கடைக்காரர் வேறொரு பாடம் நடத்தினார். ஃபோம் வாங்குகிறவர்கள் அழுத்திப் பார்த்து மெத்தென்று இருந்தால் நல்லது என்று நினைக்கிறார்கள். டென்சிட்டி என்பது ஒரு கன மீட்டர் ஃபோம் எத்தனை கிலோ எடை இருக்கிறது என்கிற கணக்கு. மெத்தென்று இருப்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. டென்சிட்டி குறைவான ஃபோம் கடையில் மெத்தென்று இருக்கும், சீக்கிரமே நடுவில் குழி விழுந்துவிடும். இருக்கைக்கு 40 டென்சிட்டி, கொஞ்சம் கெட்டியான ரகம் போடுங்கள், முதுகுக்கு 32 போதும் என்றார். அடியில் நாடா. மேலே ரெக்ஸின் வேண்டாம் என்றும் அவர்தான் சொன்னார். மெட்ராஸ் புழுக்கத்தில் முதுகில் ஒட்டும், சில வருடங்களில் தோல் உரிவதுபோல உரியும். ஜிப் வைத்து, கழற்றித் துவைக்கிற மாதிரி காட்டன்தான் சரி.

துணிக்கு எழும்பூர் பாந்தியன் சாலைக்குப் போனோம். அங்கே எனக்கு வேலையே இருக்கவில்லை. அம்மா துணியின் ஓரத்தைப் பிடித்து விரலால் தேய்த்தாள், குறுக்கே இழுத்துப் பார்த்தாள், நூல் ஒன்றை உருவி நாக்கில் தொட்டுப் பிரித்தாள், ஈரக் கைக்குட்டையால் ஒற்றிச் சாயம் ஏறுகிறதா என்று பார்த்தாள். கடைக்காரப் பையன் நான்கு பீஸைப் பிரித்துப் போட்டால், பேசிக்கொண்டே மூன்றை மடித்து வைத்தாள். நான் சாம்பல் நிறத்தைக் காட்டினேன். “இது மாவு மில் கலரு” என்றாள். அழுக்குத் தெரியாமல் இருக்க அரக்கு எடுப்பாள் என்று நினைத்தேன். அம்மா கடைசி வரிசையிலிருந்து ஒரு துணியை உருவினாள். மயில் கழுத்துக் கலர். வெளிச்சத்தில் திருப்பினால் ஒருபக்கம் பச்சை, ஒருபக்கம் நீலம்.

“இந்தக் கலருல சேலை எடுத்துக் காட்டாத நாள் கெடையாது. கல்யாண வீட்டுக்காரங்க கண்ணு நேரா இதுலதான் போவும். ஒருநாளும் நான் எடுத்ததில்ல.”

“ஏம்மா?”

“எனக்கு எதுக்குன்னுதான்.”

மரம், கூலி, ஃபோம், துணி, முக்காலி எல்லாம் சேர்த்து 14,800 ரூபாய் ஆனது.

*

நாற்காலி வந்த அன்று அதை ஹாலின் மூலையில், வாசலைப் பார்த்தபடி போட்டேன். பக்கத்தில் மணி பிளான்ட். கதவைத் திறந்ததும் அந்த மயில் கழுத்து நிறம்தான் கண்ணில் படும். படம் எடுத்துப் போட்டேன். எங்கே வாங்கினே என்று பதினான்கு பேர் கேட்டார்கள்.

அம்மா உட்காரவில்லை.

முதல் வாரம் அதன்மேல் ஒரு பழைய சேலையைப் போர்த்தினாள், தூசி படுமென்று. இரண்டாவது வாரம் காய்ந்த துணிகள் வந்து சேர்ந்தன. அவள் தரையில் உட்கார்ந்து, நாற்காலியில் முதுகைச் சாய்த்துக்கொண்டு, அதிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து மடித்தாள். எனக்குக் கோபம் வந்தது. உனக்காக அளந்து செஞ்சது என்றேன். டாக்டர் சொன்னதை மறந்துட்டியா என்றேன். “இருக்கேன்ட்டி, இருக்கேன்” என்றாள். அந்த “இருக்கேன்” எந்த அர்த்தத்தில் என்று எனக்குப் புரியவில்லை.

ஆனால் நான் இல்லாதபோது உட்காருகிறாள் என்று சில தடயங்கள் சொல்லின. கைப்பிடியில் மூக்குக்கண்ணாடி. முக்காலியில் பாதத்தின் தைல வாசனை. ஒருநாள் அலுவலகத்திலிருந்து சீக்கிரம் வந்து சாவியால் கதவைத் திறந்தேன். நாற்காலியிலிருந்து அம்மா சட்டென்று எழுந்து நின்றாள். முழங்கால் வலியோடு அவ்வளவு வேகமாக எழ முடியும் என்று நான் நினைத்ததில்லை. கை தானாக முந்தானையைச் சரிசெய்தது. முகத்தில் ஒரு சிரிப்பு. வாடிக்கையாளர் மாடி ஏறி வரும்போது வைத்துக்கொள்கிற சிரிப்பு அது. என்னைப் பார்த்ததும் அது கலைந்து, “நீயா?” என்றாள்.

அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. 22 வருடம், வாசலில் ஆள் தெரிந்தால் எழுந்து நின்ற உடம்பு. நான் அந்த உடம்பை வாசலைப் பார்த்து உட்கார வைத்திருந்தேன். வருகிறவர்கள் நாற்காலியைப் பார்க்க வேண்டும் என்பதற்காக.

காலையில் நாற்காலியைத் திருப்பி ஜன்னல் பக்கம் போட்டேன், வாசலுக்கு முதுகு காட்டி. அங்கே இருந்த ஒயர் நாற்காலியை மடித்த போர்வைகளோடு உள் அறைக்குக் கொண்டுபோனேன். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. மணி பிளான்டுக்கு வெளிச்சம் போதாது என்று மட்டும் சொல்லி, அதையும் ஜன்னலுக்கு நகர்த்தினாள். ஜன்னலுக்கு வெளியே எதிர்வீட்டு மொட்டை மாடி, ஒரு முருங்கை மரம், தூரத்தில் ரயில் போகிற சத்தம். படம் எடுக்க அங்கே ஒன்றும் இல்லை. கதவைத் திறந்தால் நாற்காலியின் பின்புறம்தான் தெரியும்.

போன புதன்கிழமை வேலை முடிந்து வந்தேன். கதவைத் திறந்தபோது ஹாலில் யாரும் இல்லாததுபோல இருந்தது. அம்மாவின் தலை நாற்காலி முதுகுக்கு மேலே தெரியாது, அவ்வளவு உயரம் இல்லை. பக்கவாட்டில் முக்காலியின்மேல் நீட்டிய இரண்டு பாதங்கள் மட்டும் தெரிந்தன. நான் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டிருக்க வேண்டும். பாதங்கள் அசையவில்லை.

“வந்துட்டியா? டீ ஃப்ளாஸ்க்ல இருக்கு. ஊத்திக்கோ” என்று ஜன்னல் பக்கமிருந்து குரல் வந்தது.